விளக்கேந்திய கைக்கும் ஓய்வு வேண்டும்!

குழந்தைகளே!

காய்ச்சல் வந்து என்றைக்காவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்களா? எறும்பு கடித்த மாதிரி கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள் கண்ணு என்று உண்மையைச் சொல்லி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசி போட்டுவிட்டுப் போவாரே ஒரு நர்ஸ், அவரை நினைவிருக்கிறதா? நடுராத்திரி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டுப் போனவரும் அவர்தான்.

சரி, அந்த நர்ஸ் அன்று சாப்பிட்டாரா? முந்தைய நாள் தூங்கினாரா? அவர் வீட்டிலும் ஒரு குழந்தை காய்ச்சலோடு அம்மாவுக்காகக் காத்திருந்ததா? இதையெல்லாம் நாம் யோசித்ததே இல்லை, அல்லவா!

150 ஆண்டுகளுக்கு முன்பே இதை யோசித்த பெண்மணி ஒருவர் இருந்தார். நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, அவர் மனதையும் பார்க்க வேண்டும் என்றார். நோயாளியைப் பார்க்கிற நர்ஸின் உடலையும் மனதையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அவர்தான் கைவிளக்கேந்திய காரிகை என்று பாடப் புத்தகத்தில் நீங்கள் படித்திருக்கும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். பாடப் புத்தகத்தில் இடம் போதாமல் விட்டுப்போன பகுதிகளையும் சேர்த்து, அவர் கதையை இன்று பார்ப்போமா?

ஊரின் பெயரே பெயர்!

இங்கிலாந்தில் ஒரு பெரும் பணக்காரக் குடும்பம். அப்பா வில்லியம் நைட்டிங்கேல், அம்மா பிரான்சிஸ். திருமணமானதும் இருவரும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினர். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் முதல் பெண் குழந்தை பிறந்தது. அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரையே குழந்தைக்கு வைத்து, பார்த்தினோப் என்று அழைத்தனர். அடுத்த பெண் குழந்தை 1820ம் ஆண்டு மே மாதம் 12ம் தேதி, பிளாரன்ஸ் நகரில் பிறந்தது. அதற்கும் ஊரின் பெயர்தான். நம் ஊரில் பழனி, சிதம்பரம் என்று பெயர் வைப்பதில்லையா, அது போல!

இங்கிலாந்துக்குத் திரும்பிய அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பெரிய மாளிகைகள் இருந்தன. வேலைக்காரர்கள், குதிரை வண்டிகள், விருந்துகள் என்று எதற்கும் குறைவில்லை. அப்பா தம் இரு பெண்களுக்கும் தாமே ஆசிரியராக இருந்தார். கிரேக்கம், லத்தீன், வரலாறு, தத்துவம் எல்லாம் கற்றுக்கொடுத்தார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. பிளாரன்சுக்குக் கணக்கு என்றால் உயிர். கணக்கு கசக்கிறது என்று ஓடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், இதே கணக்குதான் பின்னாளில் பல ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றியது!

சிறு வயதில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரின் நாயைச் சிறுவர்கள் கல்லால் அடித்துவிட்டனர். கால் ஒடிந்துவிட்டது, இனி பயனில்லை, கொன்றுவிடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பிளாரன்ஸ் ஊர்ப் பாதிரியாரை அழைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். கால் ஒடியவில்லை, வீக்கம்தான் என்று தெரிந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். ஓரிரு நாளில் நாய் எழுந்து ஓடியதாம்!

வீட்டில் பெரும் போராட்டம்!

16 வயதில் பிளாரன்சின் மனதில் ஓர் எண்ணம் ஆழமாகப் பதிந்தது. கடவுள் தம்மை ஏதோ ஒரு சேவைக்கு அழைக்கிறார் என்று நம்பினார். அது எந்தச் சேவை என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின. ஏழைகளின் குடிசைகளில் நோயாளிகளைப் பார்க்கப் போனபோது தெளிவு கிடைத்தது. நர்ஸ் ஆவதுதான் தம் வேலை என்று முடிவு செய்தார். 1845ம் ஆண்டு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறப் போகிறேன் என்று வீட்டில் சொன்னார்.

அவ்வளவுதான்! வீடே அதிர்ந்தது. அம்மா அழுதார். அக்கா மயங்கி விழாத குறை. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கால இங்கிலாந்தில் நர்ஸ் வேலை என்றாலே முகம் சுளிப்பார்கள். படிக்காதவர்கள், குடிப்பவர்கள், வேறு வேலை கிடைக்காதவர்கள் செய்யும் வேலை என்று பேசினர்.

பிளாரன்ஸ் அதற்கு மேலும் யோசித்தார். அந்தப் பெண்கள் ஏன் அப்படி ஆனார்கள்? அவர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. சம்பளம் சொற்பம். வார்டு வாசலில் மரத் தடுப்புக்குள் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் படுத்துத் தூங்கியவர்கள் பலர். இரவெல்லாம் விழித்தவர் பகலில் அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவார்? களைப்பையும் கவலையையும் மறக்கக் குடித்தனர். கெட்ட நர்ஸ்கள் என்று திட்டிய உலகம், அவர்களை அப்படி ஆக்கிய ஆஸ்பத்திரியைத் திட்டவில்லை. பிளாரன்ஸ் கண்டுபிடித்த முதல் உண்மை இதுதான் என்று சொல்லலாம்.

வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. மனம் சோர்ந்து போனார். ஆனாலும், விடியற்காலையில் எழுந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அறிக்கைகளைப் படித்தார். விரும்பி வந்த வரனையும் வேண்டாம் என்றார். மகளின் மனம் மாறட்டும் என்று நண்பர்களோடு எகிப்து, கிரீஸ் நாடுகளுக்கு அனுப்பி வைத்தனர். 1850ல் ஏதென்ஸ் நகரில் சிறுவர்கள் சிலர் ஓர் ஆந்தைக் குஞ்சை இம்சித்துக் கொண்டிருந்தனர். பிளாரன்ஸ் அதை மீட்டு, அத்தீனா என்று பெயர் வைத்து, சட்டைப் பையிலேயே வைத்து வளர்த்தார். பயணம் முடிவதற்குள் மனம் மாறும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். திரும்பும் வழியிலேயே ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் இருந்த நர்ஸ் பயிற்சி நிலையத்தைப் பார்த்தார். அடுத்த ஆண்டே அங்கு 3 மாதம் பயிற்சியும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 31!

கால்களுக்கு விடுதலை!

1853ல் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் நிர்வாகி ஆனார் பிளாரன்ஸ். மகளின் உறுதியைக் கண்டு அப்பா இறங்கி வந்தார். ஆண்டுக்கு 500 பவுண்டு செலவுக்குத் தர ஒப்புக்கொண்டார்.

புது நிர்வாகி முதலில் என்ன செய்தார் தெரியுமா? நர்ஸ்கள் ஒரு நாளில் எத்தனை முறை மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று பார்த்தார். வெந்நீருக்கு ஒரு முறை, கஞ்சிக்கு ஒரு முறை, எந்த நோயாளி மணி அடித்தார் என்று தேட ஒரு முறை. இப்படியே ஓடினால் நர்ஸ் வெறும் இரண்டு கால்களாக மாறிவிடுவார், நோயாளியைக் கவனிக்க அவரிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டார்.

ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர் வர வேண்டும் என்றார். சாப்பாட்டை மேலே இழுக்கக் கயிற்றுத் தூக்கி கேட்டார். எந்த நோயாளி கூப்பிட்டார் என்று அடையாளம் காட்டும் மணிகளைக் கேட்டார். நல்ல நர்ஸ் வேண்டும் என்றால், அவர் வீணாகக் களைத்துப் போகாத இடம் வேண்டும். இன்று பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் பணியிட நலம் என்று பெயர் சூட்டிப் பேசுகிற விஷயம் இது. பிளாரன்ஸ் இதை மாடிப்படியில் கற்றுக்கொண்டார்!

கோபத்தை விழுங்கிய நாட்கள்!

1854ல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டன. இது கிரிமியப் போர். காயம்பட்ட இங்கிலாந்து வீரர்கள் கவனிக்க ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. நாடே கொதித்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், பிளாரன்சின் நண்பர். நர்ஸ்களை அழைத்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். பிளாரன்ஸ் சில நாட்களிலேயே 38 பெண்களைத் திரட்டிக் கிளம்பினார். அந்த அவசரத்தில்தான் அவர் செல்ல ஆந்தை அத்தீனா இறந்துபோனது. அழுதார். அழுதுவிட்டுக் கப்பல் ஏறினார்.

1854 நவம்பர் 4ம் தேதி, இன்றைய இஸ்தான்புல் நகரத்தின் ஒரு பகுதியான ஸ்கூட்டரியில் இறங்கினர். பெரிய ராணுவக் குடியிருப்பு ஒன்றையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தனர். எலிகள், மூட்டைப்பூச்சிகள், அடைத்துக்கொண்ட சாக்கடைகள், தாங்க முடியாத நாற்றம். நர்ஸ்களுக்குக் கிடைத்தவை ஒரு சில சிறிய அறைகள். அதில்தான் அத்தனை பேரும் நெருக்கியடித்துப் படுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அங்கிருந்த ராணுவ டாக்டர்கள் பலர் இவர்களை ஏற்க மறுத்தனர். பெண்களுக்கு இங்கே என்ன வேலை என்று முகத்தைத் திருப்பிக் கொண்டனர். அடுத்த அறையில் வீரர்கள் முனகுவது காதில் விழுகிறது. உதவ வந்த நர்ஸ்களுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. சிலர் அழுதனர். சிலர் தலைவியின் மீதே கோபப்பட்டனர்.

பிளாரன்சுக்கும் கோபம் வந்திருக்கும் அல்லவா? ஆனால், டாக்டர் கூப்பிடாமல் யாரும் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை தலையணை தைத்தனர், கட்டுத் துணி தயார் செய்தனர். சண்டை போட்டு உள்ளே நுழைந்தால் ஒரு நாள் வேலை செய்யலாம். நம்பிக்கையைச் சம்பாதித்து நுழைந்தால் போர் முடியும்வரை வேலை செய்யலாம் என்பது அவர் கணக்கு. சில நாட்களில் இன்கர்மேன் என்ற இடத்தில் நடந்த பெரும் சண்டையில் காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். டாக்டர்களே ஓடி வந்து நர்ஸ்களைக் கூப்பிட்டனர்!

கூட வந்த 38 பேரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. கத்தோலிக்கக் கன்னியர் இருந்தனர், ஆங்கிலிக்கன் சகோதரிகள் இருந்தனர், கூலிக்கு வேலை செய்யும் சாதாரண நர்ஸ்களும் இருந்தனர். ஒருவரை ஒருவர் பிடிக்காது. சீருடையும் அழகாக இல்லை. அதிலும் தலையில் வைக்கும் தொப்பி தம் முகத்துக்குப் பொருந்தவே இல்லை, இது முன்பே தெரிந்திருந்தால் வந்தே இருக்க மாட்டேன் என்று ஒரு நர்ஸ் சண்டைக்கே வந்துவிட்டார்! ஆயிரக்கணக்கானோர் செத்துக் கொண்டிருக்கும்போது தொப்பிக் கவலையா என்று நமக்குச் சிரிப்பு வரும். பிளாரன்ஸ் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அதே பெண் பிறகு மிக நல்ல நர்ஸ் என்று பெயர் எடுத்தார்.

எல்லா நேரமும் பிளாரன்ஸ் பொறுமையின் சிகரமாக இருந்தார் என்று நினைக்க வேண்டாம். டிசம்பரில் அவரைக் கேட்காமலேயே இன்னொரு நர்ஸ் கூட்டத்தை லண்டனிலிருந்து அனுப்பிவிட்டனர். படுக்க இடமில்லை, சாப்பாடு இல்லை, இவர்களை எங்கே வைப்பது என்று கடுங்கோபம் கொண்டார். ராஜினாமா செய்கிறேன் என்றே எழுதிவிட்டார். பிறகு ஆறினார். வந்தவர்களில் பலருக்கு வேலையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். கோபம் யாருக்கும் வரும். வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

இரவில் ஒரு விளக்கு!

அந்த ஆஸ்பத்திரியின் படுக்கைகளை வரிசையாக வைத்தால் 4 மைல் நீளம் வரும் என்பார்கள். இரவில் மற்ற நர்ஸ்கள் தூங்கப் போன பிறகு, கையில் விளக்கோடு பிளாரன்ஸ் மட்டும் வார்டுகளைச் சுற்றி வருவார். வலியால் தூக்கம் வராதவர் பக்கத்தில் நிற்பார். அறுவை சிகிச்சைக்குப் பயப்படுபவரின் அருகில் இருந்து தைரியம் சொல்வார். இறந்துபோன வீரனின் தாய்க்குத் தாமே கடிதம் எழுதுவார். கடைசி நேரத்தில் மகன் தனியாக இல்லை என்று அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டும் அல்லவா?

வீரர்கள் குடித்துப் பணத்தை அழிக்கிறார்கள் என்று அதிகாரிகள் திட்டினர். பிளாரன்ஸ் அவர்களுக்குப் படிக்க ஓர் அறையும் காபி குடிக்க ஓர் இடமும் ஏற்படுத்தினார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வழி செய்தார். வீரர்கள் ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் தங்கள் குடும்பத்துக்கு அனுப்பினர்!

ஆனால், அன்பு மட்டும் போதவில்லை குழந்தைகளே! 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் 100க்கு 42 பேர் என்ற அளவில் இறந்தனர். காயத்தைவிடக் காலரா, பேதி, காய்ச்சல்தான் கொன்றது. மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. தண்ணீர் வரும் வழியில் ஒரு செத்த குதிரை கிடந்ததாம்! சுத்தம் செய்து, காற்று வர வழி செய்தபின், ஜூன் மாதம் இறப்பு 100க்கு 2 என்ற அளவுக்குக் குறைந்தது. நல்ல மனம், நல்ல இடம் இரண்டும் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும் என்ற பாடம் பிளாரன்சின் மனதில் அழியாமல் பதிந்தது.

நோயாளிகளைப் பார்த்த நர்ஸ்களையும் நோய் விடவில்லை. அவர் பொறுப்பில் வேலை செய்தவர்களில் சிலர் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தனர். 1855 மே மாதம் பிளாரன்சும் கடும் காய்ச்சலில் விழுந்து, சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார்.

வண்ணப் படமும் ஒரு புத்தகமும்!

1856ல் போர் முடிந்தது. நாடு மேளதாளத்தோடு வரவேற்கக் காத்திருந்தது. பிளாரன்ஸ் ஸ்மித் என்ற பெயரில் யாருக்கும் தெரியாமல் ஊர் திரும்பினார். அவர் ஆதரித்த 3 சிறுவர்களும் ஒரு நாய்க்குட்டியும் இங்கிலாந்து வந்து சேர்ந்தனர். இதுதான் அவர் கொண்டு வந்த போர்ப் பரிசு!

வந்ததும் கணக்குப் போட உட்கார்ந்தார். வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரின் துணையோடு, எத்தனை வீரர்கள் காயத்தால் இறந்தனர், எத்தனை பேர் தடுக்கக்கூடிய நோயால் இறந்தனர் என்று மாதவாரியாகப் பிரித்தார். அமைச்சர்கள் எண்களைப் படிக்க மாட்டார்கள் என்று, பூ இதழ் போன்ற வண்ணப் படமாக வரைந்து காட்டினார். 1858ல் இங்கிலாந்துப் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அதில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

1859ல் நோயாளிகளைப் பராமரிப்பது பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். காற்று, வெளிச்சம், சுத்தம் எல்லாம் அதில் உண்டு. அதோடு மனதைப் பற்றியும் எவ்வளவு சொல்லியிருக்கிறார், பாருங்கள்!

நோயாளியிடம் பேசும்போது அவசரத்தில் இருப்பது போல நிற்காதே, அவர் பார்க்கும்படி எதிரில் உட்கார்ந்து பேசு என்கிறார். பின்னால் இருந்தோ கதவருகே இருந்தோ திடீரென்று கூப்பிடாதே என்கிறார். அறைக்கு வெளியே குசுகுசுவென்று பேசாதே, தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நோயாளி காதைத் தீட்டிக்கொண்டு பயப்படுவார் என்கிறார். உனக்கு ஒன்றுமே இல்லை, நாளைக்கே எழுந்துவிடுவாய் என்று பொய்யாகத் தைரியம் சொன்னால், தம் வேதனையைச் சொல்ல ஆளில்லாமல் நோயாளி தனித்துப் போவார் என்கிறார். ஜன்னல் வழியே தெரியும் மரம், மேஜையில் ஒரு பூ, ஒரு செல்லப் பிராணி, இவைகூட மருந்துதான் என்கிறார்.

ஒரு தனி அறை!

போர் நடந்தபோதே மக்கள் நன்றியோடு நிதி திரட்டினர். சுமார் 44 ஆயிரம் பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணத்தில் 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் வகுப்பில் 15 பேர்.

அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு தனிப் படுக்கை அறை! வார்டு வாசலில் படுத்த பழைய நர்ஸ்களை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு கூடம், அதில் புத்தகங்கள், வரைபடங்கள். சாப்பாடு, சீருடை, சலவை இலவசம். கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. இதெல்லாம் ஆடம்பரம் என்று சிலர் முணுமுணுத்தனர். நாள் முழுக்கப் பிறர் வலியைச் சுமப்பவர், கதவைச் சாத்திக்கொண்டு தம் மனதோடு இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதில் பிளாரன்ஸ் உறுதியாக இருந்தார். இரவு வேலை பார்த்தவர் பகலில் நிம்மதியாகத் தூங்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், விடுமுறை வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார்.

இந்தப் பள்ளியில் படித்தவர் ஆக்னஸ் ஜோன்ஸ். 1865ல் லிவர்பூல் நகரின் ஏழைகள் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாளராக, 12 பயிற்சி பெற்ற நர்ஸ்களோடு போனார். அங்கே நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேல்! ஓயாமல் உழைத்தார். ஆஸ்பத்திரியே மாறியது. ஆனால், ஆக்னஸ் மாற்று ஆள் இல்லாமல் களைத்துப் போனார். டைபஸ் காய்ச்சல் தாக்கி 1868ல் இறந்தார். வயது 35தான்.

பிளாரன்ஸ் நொறுங்கிப் போனார். தம் மகள் போல நினைத்தவரை இழந்த துயரத்தைக் கட்டுரையாக எழுதினார். ஆக்னஸ் இடத்துக்கு வாருங்கள் என்று இளம்பெண்களை அழைத்தார். நல்லவர் ஒருவர் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்னஸின் வாழ்க்கை சாட்சியாக நின்றது.

1872 முதல் தம் மாணவியருக்கு அவ்வப்போது நீண்ட கடிதங்கள் எழுதினார் பிளாரன்ஸ். அவை வகுப்பில் உரக்கப் படிக்கப்பட்டன. நர்ஸ்களை வீட்டுக்குத் தேநீர் அருந்த அழைப்பார். வேலை எப்படி இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். போகும்போது பழமும் பூவும் கொடுத்து அனுப்புவார். 1876ல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், ஏழைகளின் வீடுகளுக்குப் போய் வேலை செய்யும் நர்ஸ்களுக்கு, நாள் முடிந்ததும் திரும்பி வர அன்பான ஓர் இல்லம் இருக்க வேண்டும் என்று கேட்டார்.

தமக்கு மட்டும் ஓய்வு இல்லை!

இவ்வளவு தெரிந்தவர் தம் விஷயத்தில் கோட்டை விட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போரில் வந்த நோய் அவரை விடவே இல்லை. 1857 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். படுத்தபடியே எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். தம்மோடு உழைத்தவர்களையும் விரட்டி வேலை வாங்கினார். நண்பர் சிட்னி ஹெர்பர்ட் நோயுற்றிருந்தபோதும் ராணுவச் சீர்திருத்தத்தை முடித்தாக வேண்டும் என்று நெருக்கினார். ஹெர்பர்ட் 1861ல், 50 வயதில் இறந்துவிட்டார். பிளாரன்ஸ் அந்தத் துயரத்தில் நெடுநாள் கிடந்தார். நர்ஸ்களுக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் அவ்வளவு கவனமாக இருந்ததைப் பார்க்கும்போது, பட்ட அடிகளும் அவருக்குப் பாடம் சொல்லியிருக்கும் என்றே தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும், இந்தியாவின் சுகாதாரம், பஞ்சம், பாசனம் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். இந்திய ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்குப் பயிற்சி தருவது எப்படி என்று 1865ல் யோசனைகள் எழுதினார். 1871ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. முதல் வகுப்பில் 4 பேர்தான்!

1890ல் எடிசனின் புதிய கருவியில் அவர் குரல் பதிவு செய்யப்பட்டது. கிரிமியப் போரில் சண்டையிட்டு வறுமையில் வாடிய முதிய வீரர்களுக்கு நிதி திரட்டத்தான் அந்தப் பதிவு. அந்தக் குரலை இன்றும் கேட்கலாம். முதுமையில் பார்வை போயிற்று. 1907ல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயரிய விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13ம் தேதி, 90 வயதில் தூக்கத்திலேயே மறைந்தார். அரசர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தனர். அவர் விருப்பப்படி குடும்பத்தார் மறுத்து, ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தனர். கல்லில் பெயரின் முதல் எழுத்துகளும் தேதிகளும் மட்டுமே இருக்கின்றன.

மனதுக்கும் பயிற்சி உண்டு!

1990ல் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள், உணர்வறிவு என்ற கருத்தை விளக்கி எழுதினர். எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நம் மனதில் எழும் உணர்ச்சி எது என்று அறிவது, அதை நல்ல வழியில் திருப்புவது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது, இவையெல்லாம் அதில் அடங்கும். ஸ்கூட்டரியில் கோபத்தை விழுங்கிக் காத்திருந்தது, தொப்பிக்குச் சண்டை போட்டவரைப் பொறுத்தது, நோயாளியின் பயத்தைப் புரிந்து எதிரில் உட்காரச் சொன்னது எல்லாம் அதுதானே!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நர்ஸ் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு மட்டும் புத்தி சொல்வது சுலபம். அவருக்கு ஓய்வு, தூக்கம், மரியாதை, போதுமான துணை ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பது ஆஸ்பத்திரியின் கடமை, ஊரின் கடமை. 2020ம் ஆண்டு, பிளாரன்ஸ் பிறந்து 200 ஆண்டு நிறைந்த ஆண்டு. அதை நர்ஸ்களின் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அதே ஆண்டில்தான் கொரோனா உலகை உலுக்கியது. உடல் முழுக்க மூடிய உடையில், வியர்வையில் குளித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், பெற்ற பிள்ளையைப் போனில் பார்த்துப் பேசியவர்கள் எத்தனை பேர்! கைதட்டினோம், விளக்கேற்றினோம். அதோடு முடிந்துவிட்டதா நம் கடமை?

உங்களால் செய்ய முடிந்ததும் உண்டு, குழந்தைகளே! ஆஸ்பத்திரிக்குப் போனால் சத்தம் போடாதீர்கள். நர்ஸிடம் நன்றி சிஸ்டர் என்று வாய் நிறையச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் நைட் டியூட்டி முடித்து வந்த ஒரு நர்ஸ் பகலில் தூங்கிக் கொண்டிருந்தால், அவர் ஜன்னல் பக்கத்தில் கிரிக்கெட் ஆடாமல் நான்கு வீடு தள்ளிப் போய் ஆடுங்கள். உங்கள் அம்மாவோ அத்தையோ நர்ஸாக இருந்தால், வேலை முடிந்து வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, இன்று எப்படி இருந்தது என்று கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

ஆண்டுதோறும் மே 12ம் தேதி உலக செவிலியர் தினம். கோடை விடுமுறையில் வரும் நாள். அன்றைக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்து, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். செய்வீர்கள்தானே!